சின்ன கடைக் கட்டடத்துக்கு ஃபோட்டோ போன்ற 3டி எலிவேஷன்: சென்னையில் கட்டுபவர்கள் கேட்கும் கேள்விகள்

அரை கிரவுண்டிலோ ஒரு கிரவுண்டிலோ கீழே கடை, மேலே கிளினிக் அல்லது ஆபீஸ் என்று கட்டுபவர்கள் வெளித்தோற்றப் படம் போட வரும்போது கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். இந்த வேலையைத்தான் நான் முழுநேரமாகச் செய்கிறேன். மால், ஐடி பார்க் பற்றி இங்கே எதுவும் இல்லை. மெயின் ரோட்டில் முப்பது அடி முகப்போடு நிற்கிற கட்டடங்கள்தான் விஷயம். இதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. படத்தில் காட்டுவதைக் கட்ட முடிய வேண்டும், அது நிற்கப்போகிற தெருவிலேயே நிற்க வேண்டும். கீழே உள்ள பதில்களில் பாதிக்கு மேல் அதிலிருந்து வருபவைதான்.

இன்ஜினியர் ஏற்கெனவே ஒரு எலிவேஷன் கொடுத்திருக்கிறார். அதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

இன்ஜினியர் கொடுத்தது அளவு வரைபடம். எந்த ஜன்னல் எத்தனை அடி, சன்ஷேட் எவ்வளவு வெளியே நீள்கிறது என்று மேஸ்திரிக்குச் சொல்வது அதன் வேலை. ஃபோட்டோ போன்ற படம், கட்டி முடித்தபின் எதிர்ப் பிளாட்பாரத்தில் நின்று பார்த்தால் கண்ணுக்கு என்ன தெரியுமோ அதைக் காட்டும். வெயில் எங்கே விழும், நிழல் எதை மறைக்கும், கண்ணாடியில் எதிர்க்கட்டடம் எப்படித் தெரியும், பக்கத்துச் சுவரோடு நிறம் ஒத்துப்போகுமா என்பதெல்லாம் அளவு வரைபடத்தில் தெரியாது. இரண்டும் வேண்டும். ஒன்றை வைத்துக்கொண்டு இன்னொன்றின் வேலையைச் செய்யப் பார்த்தால் சைட்டில் குழப்பம்தான் வரும்.

ரெண்டு ஷட்டர், மேலே ஒரு ஹால். இதற்கெல்லாம் இவ்வளவு செலவு தேவையா?

எல்லோருக்கும் தேவையில்லை. சொந்தக் கடைக்காகக் கட்டுகிறீர்கள், நிறமும் டைல்ஸும் முடிவாகிவிட்டன, பக்கத்திலேயே அதே கான்ட்ராக்டர் கட்டிய கட்டடம் நிற்கிறது என்றால் அதைப் பார்த்தே முடிவு செய்துவிடலாம்.

வாடகைக்கு விடப்போகிறவர்களுக்குத்தான் இது உண்மையாகவே உதவுகிறது. மருந்துக்கடை, பேக்கரி, வங்கிக் கிளை, சூப்பர் மார்க்கெட் போன்றவர்கள் கட்டடம் தளம் போடும் நிலையில் இருக்கும்போதே இடம் பேசி முடிப்பார்கள். வங்கிக்காரர் ஏடிஎம் எங்கே வரும் என்று கேட்பார், பேக்கரிக்காரர் டூ வீலர் நிற்க இடம் இருக்கிறதா என்று கேட்பார். இதற்கெல்லாம் கான்கிரீட் தூண்களைக் காட்டிப் பதில் சொல்வதைவிடப் படத்தைக் காட்டிச் சொல்வது சுலபம். அண்ணன் தம்பி சேர்ந்து கட்டுகிற குடும்பக் கட்டடங்களிலும் நல்ல பலன் உண்டு. ஆளுக்கொரு முகப்பு மனதில் இருக்கும். படம் வந்த பிறகுதான் எல்லோரும் ஒரே கட்டடத்தைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்கள்.

பிளான் அப்ரூவலுக்கு முன்னாடி போடணுமா, பின்னாடியா?

முதல் கட்டப் படத்தை அப்ரூவலுக்குக் கொடுப்பதற்கு முன்னாடியே போடுங்கள். நிறம், பொருள் எதுவும் இல்லாத வெறும் சாம்பல் நிற மாடல் போதும். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019-ன்படி முன்பக்கம் எவ்வளவு இடம் விட வேண்டும் என்பது சாலை அகலத்தைப் பொறுத்து மாறும். முகப்பை எவ்வளவு முன்னால் கொண்டுவரலாம், மேல்தளத்தில் எதை நீட்டலாம் என்பதெல்லாம் அதில்தான் அடங்கும். சாம்பல் மாடலில் இதைச் சரிபார்த்துவிட்டால், பிளான் கைக்கு வந்தபின் எலிவேஷனுக்காக எதையாவது வெளியே நீட்டலாமா என்ற பேச்சே வராது. நிறம், பொருள், விளக்கு சேர்த்த முழுப் படத்தை அப்ரூவல் வந்த பிறகு செய்துகொள்ளலாம்.

நாங்கள் என்னென்ன கொடுக்க வேண்டும்?

ஆட்டோகேட் பிளான், எலிவேஷன், செக்‌ஷன் (குறுக்குவெட்டு வரைபடம்). வடக்குத் திசை குறித்த சைட் பிளான். ரோட்டிலிருந்து தரைமட்டம் எவ்வளவு உயரம் என்ற கணக்கு. அப்புறம் சைட் போட்டோக்கள்: எதிர்ப் பக்கத்தில் நின்று மூன்று நான்கு, இடமும் வலமும் அடுத்த கட்டடங்கள் முழுதாகத் தெரியும்படி, கடைசியாக சைட்டிலேயே நின்று ரோட்டைப் பார்த்தபடி ஒன்று. அந்தக் கடைசி போட்டோவைப் பலர் மறந்துவிடுகிறார்கள். முகப்புக் கண்ணாடியில் தெரியப்போவது அந்தக் காட்சிதான். அது இல்லாவிட்டால் கண்ணாடிக்குள் எங்கேயோ ஒரு வெளிநாட்டு வானம்தான் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

என் கட்டடம் வடக்குப் பார்த்தது. முகப்பில் நல்ல வெயில் அடிப்பதுபோல் காட்டலாமா?

வருடத்தில் சில மாதங்களுக்கு அது உண்மை, மற்ற மாதங்களில் பொய்.

சென்னை வடக்கே 13 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை சூரியன் காலை முதல் மாலை வரை நமக்கு வடக்கே ஒதுங்கித்தான் போகிறது. அந்த மாதங்களில் வடக்கு முகப்பில் வெயில் விழும், தெற்கு முகப்பில் விழாது. செப்டம்பர் கடைசியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை வடக்குச் சுவரில் நேர் வெயில் படவே படாது. தீபாவளி, பொங்கல் வியாபாரம் நடப்பது அந்த மாதங்களில்தான். கடை ஜேஜே என்று இருக்கும் நாட்களில் முகப்பு நிழலில் இருக்கும் என்று தெரிந்துகொண்டால், அடர்ந்த சாம்பல் நிறத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் இன்னொரு முறை யோசிப்பீர்கள்.

நிழலின் நீளத்தையும் பாருங்கள். ஜூன் மாத உச்சிவெயிலில் சூரியன் கிட்டத்தட்டத் தலைக்கு மேலே, 80 டிகிரி உயரத்தில் இருக்கும். வடக்கு முகப்பில் இரண்டு அடி நீட்டிய சன்ஷேட் இருந்தால் அதன் நிழல் சுவரில் சுமார் பதினோரு அடி கீழே இறங்கும். கடையின் முகம் முழுக்க இருட்டு. அதே இரண்டடி சன்ஷேட் தெற்கு முகப்பில் இருந்தால், டிசம்பர் மதியத்தில் நிழல் மூன்றடிகூட வராது. வெயில் ஷோகேஸுக்குள் போய், துணியின் சாயத்தை வெளுக்க வைக்கும். இதையெல்லாம் கையால் கணக்குப் போட வேண்டியதில்லை. இடத்தையும் வடக்குத் திசையையும் சரியாகக் கொடுத்துவிட்டால் மென்பொருளே சூரியனைச் சரியான இடத்தில் வைத்துவிடும். சரியாகக் கொடுத்தார்களா என்று நீங்கள் கேட்க வேண்டும். "இது எந்த மாதம், எத்தனை மணி?" என்று கேளுங்கள். பதில் வரவில்லை என்றால், அழகாகத் தெரிகிற பக்கத்தில் விளக்கை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

கிழக்கு முகப்புக்குக் காலை எட்டு ஒன்பது மணியும், மேற்கு முகப்புக்கு மாலை நாலு மணியும் நல்ல நேரங்கள். மேற்குப் பார்த்த கட்டடத்தில் தரையிலிருந்து மாடி வரை கண்ணாடி வேண்டும் என்று கேட்பவர்களுக்கு, மே மாத நாலு மணி வெயிலில் ஒரு படம் தனியாகப் போட்டுக் காட்டுவேன். அதைப் பார்த்தபின் பெரும்பாலும் அவர்களே ஜாலி (துளைகள் உள்ள தடுப்பு) அல்லது செங்குத்துத் தகடு வைக்கலாமா என்று கேட்பார்கள்.

சாயங்காலம் விளக்கு எரிகிற மாதிரிப் படம்தான் அழகாக இருக்கிறது. அது மட்டும் போதுமா?

அழகாக இருக்கும், அதுவும் வேண்டும். சென்னையில் நவம்பர் கடைசியில் 5.40 மணிவாக்கிலும், ஜூலையில் 6.40 மணிவாக்கிலும் சூரியன் மறைகிறது. மறைந்தபின் வானம் நீலமாக இருப்பது கொஞ்ச நேரம்தான். கால் மணி, இருபது நிமிடத்தில் இருட்டிவிடும். அந்தக் கொஞ்ச நேரத்தைத்தான் எல்லாப் படமும் காட்டுகின்றன. கடைக்காரருக்குப் பார்க்க வேண்டியது இரவு எட்டு மணி. அப்போதுதான் ஆபீஸ் விட்டு வருபவர்கள் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே ஏறுகிறார்கள்.

விளக்கின் நிறத்திலும் நிஜம் வேண்டும். படத்தில் எல்லாக் கடைகளுக்கும் 3000 கெல்வின் மஞ்சள் வெளிச்சம் போட்டுவிடுவார்கள், ஹோட்டல் மாதிரி ஜொலிக்கும். மருந்துக்கடையும் மளிகைக்கடையும் 6500 கெல்வின் வெள்ளை விளக்கைத்தான் போடுவார்கள். ஒரு பக்கம் வெள்ளை, ஒரு பக்கம் மஞ்சள் என்று கீழ்த்தளம் இருக்கும்போது முகப்பு எப்படி இருக்கிறது என்று பாருங்கள். அப்போதும் நன்றாக இருந்தால் நல்ல முகப்பு.

சைட்டுக்கு முன்னால் ட்ரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது. படத்தில் எடுத்துவிடலாமா?

எடுக்காதீர்கள். வாடகைக்கு வருபவர் சைட்டைப் பார்க்க வருவார். படத்தில் இல்லாத ட்ரான்ஸ்ஃபார்மர் நேரில் நிற்பதைப் பார்த்த உடனே மற்ற எல்லாவற்றையும் சந்தேகப்பட ஆரம்பிப்பார். அதைவிட முக்கியமாக, அதை வைத்துக்கொண்டே டிசைன் செய்தால் வழி பிறக்கும். வாசலை நான்கடி தள்ளலாம், பெயர்ப் பலகையை மறைக்காத உயரத்துக்கு ஏற்றலாம், படிக்கட்டை அந்தப் பக்கத்துக்கு மாற்றிவிடலாம். படத்தில் அழித்துவிட்டால் இந்த யோசனையே வராது.

நான் பின்பற்றுகிற கணக்கு இது: தரையில் நிலையாக நிற்பதெல்லாம் படத்தில் இருக்கும். மின்கம்பம், ட்ரான்ஸ்ஃபார்மர், பில்லர் பாக்ஸ், மரம், பஸ் ஸ்டாப் நிழற்குடை. நாளைக்கே மாறக்கூடியவற்றை விட்டுவிடலாம். கிழிந்த போஸ்டர், தொங்குகிற கேபிள் டிவி வயர், குப்பைத் தொட்டி போன்றவை. மின்கம்பியை வரைவதில் இன்னொரு நன்மையும் உண்டு. மாடி பால்கனி கம்பிக்கு எவ்வளவு பக்கத்தில் வருகிறது என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும். 11 கிலோவோல்ட் வரையிலான கம்பிக்கும் கட்டடத்துக்கும் இடையே பக்கவாட்டில் குறைந்தது 1.2 மீட்டர் இடைவெளி வேண்டும். இதைப் படத்திலேயே பார்த்துவிட்டால் பால்கனியைச் சுருக்குவது வெறும் கோடு மாற்றுகிற வேலை.

போரூர், பூந்தமல்லி சாலை, மேடவாக்கம் பக்கமெல்லாம் மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் உயர்பாதை வந்திருக்கிறது. அந்த ரோடுகளில் கட்டுபவர்கள் தூணையும் மேலே போகும் பாலத்தையும் அவசியம் படத்தில் கேளுங்கள். எதிர்ப் பக்கத்திலிருந்து பார்க்கிறவருக்கு உங்கள் இரண்டாவது மாடியைப் பாலம் மறைக்கலாம். அப்படியானால் பெயர்ப் பலகைக்கான பணத்தை மேலே கொட்டாமல் கீழ்த்தளத்தில் போடுவதுதான் புத்திசாலித்தனம்.

மரங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. மென்பொருளோடு வருகிற மர நூலகத்தில் ஐரோப்பிய மரங்கள்தான் அதிகம். சென்னைத் தெருவில் வேம்பு, புங்கன், பூவரசு, தூங்குமூஞ்சி இருக்கும். முன்னால் நிற்பது புங்கன் என்றால் புங்கனைப் போடச் சொல்லுங்கள். அனுமதி இல்லாமல் அதை வெட்ட முடியாது, வெட்டவும் வேண்டாம். அதன் நிழலில்தான் உங்கள் வாடிக்கையாளர் வண்டியை நிறுத்தப்போகிறார்.

பெயர்ப் பலகைக்கு எவ்வளவு இடம் விட வேண்டும்?

சின்னக் கடைக் கட்டடங்களில் அதிகம் கோட்டைவிடுவது இங்கேதான். முகப்பு முழுக்க டெக்ஸ்சர், பட்டை, பள்ளம் என்று அழகு செய்துவிடுவார்கள். பலகை எங்கே என்ற கேள்வி கடைக்காரர் வந்தபின்தான் எழும். அவர் எலிவேஷனின் நட்டநடுவில் பன்னிரண்டு அடி பலகையை அடித்துவிட்டுப் போய்விடுவார். அதில் அவர்மேல் தப்பு ஒன்றும் இல்லை. அவருக்குப் பெயர் தெரிந்தாக வேண்டும்.

கீழ்த்தள ஷட்டருக்கு மேலே, முதல் மாடி ஜன்னலுக்குக் கீழே, மூன்றடிக்குக் குறையாத ஒரு பட்டை விடுங்கள். ஷட்டர் சுருண்டு உட்காரும் பெட்டிக்கே ஒன்று, ஒன்றரை அடி போய்விடும், அது உள்பக்கமா வெளிப்பக்கமா என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். மாடியில் இருப்பவர்களுக்கும் பலகை வேண்டும். படிக்கட்டுப் பக்கம் செங்குத்தாக ஒரு இடம் ஒதுக்கினால் கிளினிக், டியூஷன் சென்டர், ஆடிட்டர் ஆபீஸ் எல்லாம் ஒன்றன் கீழ் ஒன்றாக வந்துவிடும்.

தமிழ்நாட்டில் கடைப் பெயர்ப் பலகையில் தமிழ் முதலில் மேலே வர வேண்டும், மற்ற மொழிகள் அதற்குக் கீழேதான். தமிழ், ஆங்கிலம், பிற மொழி 5:3:2 என்ற விகிதம் என்பது அரசாணை. ஆகவே படத்தில் வைக்கும் மாதிரிப் பலகையிலும் தமிழைப் பெரிதாக வைத்தே பாருங்கள். தமிழ் எழுத்துக்கு மேலே கொக்கியும் கீழே சுழியும் வரும், பெயரும் பெரும்பாலும் நீளும். ஆங்கிலத்துக்கு அளவெடுத்த இரண்டடிப் பட்டையில் தமிழ் அடங்காது. இன்னொன்று: பல 3டி மென்பொருள்களில் நேரடியாகத் தமிழில் அடித்தால் ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், உயிர்மெய் பிரிந்து தனித்தனியாக விழும். பலகையைத் தனியாக ஒரு டிசைன் மென்பொருளில் செய்து, படமாக ஏற்றினால் சரியாக வரும். எழுத்து உடைந்த பலகையோடு எலிவேஷன் படம் தந்தால் வாங்காதீர்கள், திருப்பி அனுப்புங்கள்.

படிக்கட்டு, ரேம்ப் எல்லாம் படத்தில் எதற்கு? அது சின்ன விஷயம்தானே?

2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயலையும் பார்த்தவர்கள் யாரும் இப்போது கடையை ரோடு மட்டத்தில் கட்டுவதில்லை. இரண்டடி, மூன்றடி ஏற்றுகிறார்கள். சரியான முடிவு. ஆனால் ஏற்றிய அந்த இரண்டடியை முகப்பில் எங்கே ஏறுவது?

சக்கர நாற்காலிக்கான சாய்தளத்துக்கு 1:12 என்பது நம் நாட்டில் பின்பற்றும் சரிவு. இரண்டடி ஏற 24 அடி நீளம் வேண்டும். மூன்றடி என்றால் 36 அடி. உங்கள் முகப்பே முப்பது அடிதான்! அதை மடித்துக் கொண்டுவர வேண்டும், அல்லது பக்கவாட்டில் கட்டடத்தை ஒட்டி உள்ளே கொண்டுபோக வேண்டும். மருந்துக்கடை, கிளினிக், வங்கி என்று முதியவர்கள் வரும் இடங்களுக்கு இது இல்லாமல் சரிப்படாது. படத்தில் தரைமட்டத்தை ரோட்டோடு ரோடாக வழித்துவிட்டால் இந்தப் பிரச்சினையே தெரியாது. கட்டி முடித்தபின் கடைசிப் படி பிளாட்பாரத்தில் இறங்கும். அது மாநகராட்சியின் இடம், என்றைக்கு இருந்தாலும் இடித்துவிடுவார்கள். என்னைக் கேட்டால், முகப்பின் நிறத்துக்குச் செலவழிக்கிற நேரத்தில் பாதியையாவது இந்த ஏறுகிற வழிக்குச் செலவழிக்கலாம்.

ஏசி அவுட்டோர் யூனிட்டைக் காட்டினால் அசிங்கமாக இருக்குமே?

காட்டாவிட்டால் அதைவிட அசிங்கமாக வரும். ஒவ்வொரு கடைக்காரரும் தனக்கு வசதியான இடத்தில் ஸ்டாண்ட் அடித்து மாட்டுவார், செம்புக் குழாய் முகப்பின் குறுக்கே ஓடும், தண்ணீர் கீழ்க்கடைக்காரர் பலகைமேல் சொட்டும். ஒரு யூனிட் சுமார் மூன்றடி அகலம். தளத்துக்கு எத்தனை யூனிட் என்று எண்ணி, பக்கச் சுவரிலோ ஜாலிக்குப் பின்னாலோ காற்றோட்டத்தோடு ஒரு இடம் வைத்து, அதையும் படத்தில் காட்டச் சொல்லுங்கள். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி, லிஃப்ட் அறை, மழைநீர்க் குழாய் மூன்றுக்கும் இதே பதில்தான்.

படத்தில் இருக்கிற ஏசிபி, கண்ணாடி, டெக்ஸ்சர் நிஜத்திலும் அப்படியே வருமா?

பொருளின் அளவைப் படத்தில் சரியாகப் பிடித்திருந்தால் பெரும்பாலும் வரும். ஏசிபி என்பது இரண்டு மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் வைத்த தகடு. அது ஒரே பரப்பாக வராது, தகட்டுக்குத் தகடு இணைப்புக் கோடு விழும். கோடே இல்லாத ஏசிபி முகப்பைப் படத்தில் பார்த்தால் அது நிஜமில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். டைல்ஸும் அப்படித்தான். இரண்டுக்கு ஒன்று அடி டைல்ஸ் என்றால் படத்தில் எண்ணிப் பார்த்தாலும் அதே எண்ணிக்கை வர வேண்டும்.

படம் காட்டாதது ஒன்று உண்டு. ஏசிபியின் நடுவில் இருக்கும் பாலிஎத்திலீன் தீப்பற்றக்கூடியது. 2017-ல் லண்டன் கிரென்ஃபெல் டவரில் 72 பேர் இறந்த தீ வேகமாகப் பரவியது அப்படிப்பட்ட தகடுகளால்தான். தீ தாங்கும் ரகமும் சாதா ரகமும் படத்தில் ஒரே மாதிரிதான் தெரியும். கொட்டேஷனில் ரகத்தை எழுதி வாங்குங்கள்.

பெயின்ட் நிறத்தை போனில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒவ்வொரு போனிலும் ஒவ்வொரு மாதிரி தெரியும். ஷேட் நம்பரைப் படம் போடுபவரிடம் கேட்டு வாங்கி, சுவரில் நான்கடிக்கு நான்கடி அடித்துப் பார்த்து, காலையிலும் மாலையிலும் போய்ப் பாருங்கள். திருவான்மியூர், பெசன்ட் நகர் மாதிரிக் கடலோரம் என்றால் இரும்பு அலங்காரத்தை உப்புக் காற்று தின்றுவிடும், அதற்கேற்ற பொருளைக் கேளுங்கள். வெள்ளைச் சுவர் கேட்பவர்களுக்கு, கைப்பிடிச் சுவரின் மேல்விளிம்பில் தண்ணீர் சொட்டி விழ ஒரு உதடு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வேன். அது இல்லாவிட்டால் ஒரே ஒரு ஐப்பசி மழையில் கறுப்புக் கோடுகள் இறங்கிவிடும்.

எத்தனை வியூ வேண்டும்? கேமரா எங்கே வைக்க வேண்டும்?

மூன்று போதும்: எதிர்ப் பிளாட்பாரத்தில் நிற்பவர் கண் உயரத்திலிருந்து ஒன்று, வண்டியில் வருபவர் பார்ப்பதுபோல் சாய்வாக ஒன்று, இரவில் ஒன்று. கண் உயரம் என்றால் ஐந்தடி, ஐந்தேகால் அடி. ட்ரோன் பார்வை உங்கள் வாடிக்கையாளர் யாருக்கும் கிடைக்காத பார்வை. கார்னர் பிளாட் என்றால் மட்டும் இன்னொன்று சேர்க்கலாம்.

ரொம்ப அகலமான லென்ஸ் வேண்டாம். அதில் முப்பதடி ரோடு நூறடி ரோடு மாதிரி தெரியும், கட்டடமும் பிரம்மாண்டமாகும். புரசைவாக்கம், மயிலாப்பூர் போன்ற நெருக்கமான தெருக்களில் பின்னால் போக இடம் இருக்காது என்பதால் கொஞ்சம் அகல லென்ஸைத் தவிர்க்க முடியாது. அங்கேயும் செங்குத்துக் கோடுகள் நேராக நிற்கின்றனவா என்று பாருங்கள்.

படத்தில் ஆட்கள், வண்டிகள் வேண்டுமா?

வேண்டும், அளவு தெரிவதற்காக. ஓவர்கோட் போட்ட வெள்ளைக்காரர்கள் வேண்டாம். புடவை, சுடிதார், ஹெல்மெட் கையில் வைத்திருப்பவர், பள்ளிப் பையோடு ஒரு பிள்ளை என்று வரட்டும். முகப்பில் ஒரு விலையுயர்ந்த கார் மட்டும் நிற்பதைவிட, ஆறு டூ வீலர்கள் நிற்கும் இடத்தைக் காட்டினால் கடைக்காரருக்குப் பயன்.

எந்த சாஃப்ட்வேரில் செய்தால் நல்லது?

ஸ்கெட்ச்அப், ரெவிட், 3டிஎஸ் மேக்ஸ் ஆகியவற்றில் மாடல் செய்து, வி-ரே, கொரோனா, லூமியன், என்ஸ்கேப், டி5 ஆகியவற்றில் ரெண்டர் செய்வது, அதாவது மாடலை ஃபோட்டோ போன்ற படமாக்குவது வழக்கம். பிளெண்டர் இலவசம், அதிலும் அருமையாக வரும். நீங்கள் மென்பொருளைப் பார்க்க வேண்டாம், அவர் படம் போட்டுக் கட்டி முடித்த ஒரு கட்டடத்தின் முகவரியை வாங்கி, படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நேரில் போய்ப் பாருங்கள்.

இப்போதுதான் ஏஐ இருக்கிறதே, சைட் போட்டோவைக் கொடுத்தால் நொடியில் வந்துவிடுகிறதே?

வருகிறது, ஆரம்ப யோசனைக்கு நானும் பயன்படுத்துகிறேன். என்ன மாதிரி முகப்பு பிடிக்கும் என்று வீட்டில் பேசி முடிவெடுக்க நல்ல உதவி. அளவுக்கு மட்டும் அதை நம்ப முடியாது. மூன்று ஜன்னல் நான்காகும், தூண் ஷட்டருக்கு நடுவில் வரும், அடுத்த வியூ கேட்டால் வேறொரு கட்டடம் வரும். கட்டப்போகிற படம் உங்கள் பிளானிலிருந்து எழுப்பிய மாடலிலிருந்துதான் வர வேண்டும். அந்த மாடல் ரெண்டரின் மேல் வானத்தையும் ஆட்களையும் ஏஐ வைத்து மெருகேற்றினால் குறை இல்லை.

கட்டணம் எப்படி? எத்தனை முறை திருத்தம் கேட்கலாம்?

முதல் வியூவுக்குத்தான் வேலை அதிகம், மாடல் எழுப்புவது அதில்தான். அதே மாடலில் இரண்டாவது, மூன்றாவது வியூ விலை குறைய வேண்டும். அக்கம்பக்கக் கட்டடங்களை நிஜமாக வைப்பதற்குத் தனிக் கட்டணம் கேட்பார்கள், அது நியாயம். ஜிஎஸ்டி பதிவு உள்ளவர் என்றால் 18 சதவீதம் சேரும், சொன்ன விலையில் அது அடக்கமா என்று முதலிலேயே கேளுங்கள்.

திருத்தங்களை இரண்டாகப் பிரித்து எழுதி வாங்குங்கள். சாம்பல் மாடல் கட்டத்தில் வடிவத் திருத்தம், நிறப்படம் வந்தபின் நிறம், பொருள், விளக்குத் திருத்தம். ரெண்டர் முடிந்தபின் பால்கனியை வட்டமாக்கச் சொன்னால் அது திருத்தம் ஆகாது, புது வேலை. வாட்ஸ்அப்பில் பெரியப்பா ஒன்று, மருமகன் ஒன்று என்று தனித்தனியாக அனுப்பாமல், வீட்டில் ஒருவர் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே பட்டியலாக அனுப்பினால் நாட்களும் மிச்சம், மனஸ்தாபமும் இல்லை.

இந்தப் படத்தை வைத்து விளம்பரம் செய்யலாமா?

வாடகைக்கு விடுவதற்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம். கடைகளைத் தனித்தனியாக விற்கப்போகிறீர்கள் என்றால் 2016-ன் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தைப் பாருங்கள். அதில் கடை, ஷோரூம் எல்லாம் அடங்கும். நிலம் 500 சதுர மீட்டருக்கு மேற்படாமல் இருந்தாலோ, அலகுகள் எட்டுக்கு மேற்படாமல் இருந்தாலோ பதிவு வேண்டியதில்லை. 500 சதுர மீட்டர் என்பது இரண்டேகால் கிரவுண்டுக்குக் கொஞ்சம் குறைவு. பதிவு தேவைப்படும் திட்டம் என்றால், பதிவு எண் கிடைக்கும் முன் படத்தைப் போட்டு விளம்பரம் செய்யவோ புக்கிங் வாங்கவோ கூடாது. அந்தச் சட்டத்தின் 12-வது பிரிவு, விளம்பரத்தில் தவறாகக் காட்டியதை நம்பி முன்பணம் கொடுத்து நஷ்டப்பட்டவருக்கு இழப்பீடு தரச் சொல்கிறது. அவர் விலகிக்கொள்ள விரும்பினால் கொடுத்த பணத்தை வட்டியோடு திருப்பித் தர வேண்டும். படத்தில் ஒரு லிஃப்டோ கார் பார்க்கிங்கோ வரைவதற்கு முன் இதை நினைவில் வையுங்கள்.

ஃபிளெக்ஸுக்கு எவ்வளவு பெரிய ஃபைல் வேண்டும்?

ஏ3 தாளில் தெளிவாக அச்சிட 4961-க்கு 3508 பிக்சல். சைட் வேலியில் கட்டும் இருபதடி ஃபிளெக்ஸைத் தூரத்திலிருந்துதான் பார்க்கிறார்கள், ஆறாயிரம் பிக்சல் அகலம் இருந்தால் நன்றாகவே இருக்கும். உங்கள் இடத்துக்குள்ளேயே கட்டுங்கள், பிளாட்பாரத்தில் அனுமதி இல்லாமல் பேனர் வைக்கக் கூடாது. வாட்ஸ்அப்பில் படமாக வந்ததை அச்சுக்குக் கொடுக்காதீர்கள், அது சுருங்கித்தான் வந்திருக்கும். டாக்குமென்டாகவோ மெயிலிலோ கேட்டு வாங்குங்கள்.

3டி மாடல் ஃபைலையும் கேட்டு வாங்கலாமா?

கேட்கலாம், வேலை ஆரம்பிக்கும் முன் கேட்க வேண்டும். பலர் படத்துக்கு மட்டும்தான் விலை சொல்லியிருப்பார்கள், மாடலுக்குத் தனி விலை இருக்கும். கொடுக்க விரும்பாதவரும் உண்டு, அது அவர் உரிமை. மாடல் கையில் இருந்தால், ஐந்து வருஷம் கழித்து மேலே இன்னொரு மாடி ஏற்றும்போதோ, கீழே பேக்கரி போய் வங்கி வரும்போதோ முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை. வாங்கும்போது மாடலோடு டெக்ஸ்சர் ஃபைல்களும் (சுவர், டைல்ஸ் போன்ற பரப்புகளின் படங்கள்) சேர்ந்து வருகின்றனவா என்று அங்கேயே திறந்து பார்த்துவிடுங்கள். அவை விட்டுப்போனால் மாடல் வெள்ளையாகத்தான் திறக்கும்.